தலைக்கு ஒரு ரூபாய்

அவனுடைய முகத்தை எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. நான்கு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவன். கதவுத் திரைக்கு உட்பக்கம் ஏழு பெண்கள் இருந்தோம். இருந்தும் அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது பிடரியும் சிவப்புத் துருக்கித் தொப்பியும் அதன் கறுப்புக் குஞ்சமும்தான். கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவான். அந்நியப் பெண்கள் இருக்கும் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாத மனிதன், என்ன அதபு, என்ன மரியாதை என்று நாங்கள் உருகிப் போனோம். முதலில் உருகியவள் நான். என் பெயர் சகீனா. எங்கள் ஊர் திகனயில் வாய் நீளமானவள் யார் என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம் அது. என் புருஷன் நஸீம் புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி விற்று வருகிறவர். அந்த வருஷம் தேயிலை விலை விழுந்தது. தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை கொடுத்தார்கள். சனங்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சேலை வாங்க யாரிடம் காசு இருக்கும்? திங்கட்கிழமை போன மூட்டை அதே கனத்தோடு வியாழக்கிழமை திரும்பி வந்தது. நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூட்டையைப் பார்க்கப் பழகியிருந்தேன்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து நஸீமோடு கூடவே வந்தான் அந்த ஆள். ஹபீல் என்று பெயர் சொன்னான். கொழும்பில், துணி ஓரத்துக்குப் பின்னும் ரேந்தை வாங்கி விற்கிற ஒரு கம்பனியின் ஏஜண்டாம். அச்சடித்த ஒரு மஞ்சள் தாளைத் தட்டில் வைத்து, திரும்பிப் பாராமலே தட்டைத் திரைக்கு அடியால் பின்பக்கமாகத் தள்ளினான். வீட்டில் இருந்தபடியே பெண்கள் மாதம் முப்பது ரூபாய் உழைக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. பத்து ரூபாய் முற்பணம் கட்டினால் ஒரு பெட்டி தருவார்கள். நூல், கொக்கி ஊசி, ஐந்து இதழ் ரோசாப்பூ மாதிரி எல்லாம் அதற்குள் இருக்கும். பின்னிக் கொடுக்கிற ரேந்தையைக் கெஜத்துக்கு முப்பது சதம் கொடுத்துக் கம்பனியே வாங்கிக்கொள்ளும்.

அவன் போனபிறகு நஸீம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வேல செய்றவளுக்கு கூலி குடுக்கிறது தெரியும். வேல செய்றவள்ட்ட காசு வாங்கிட்டு வேல குடுக்கிறது எந்த ஊரு நடப்பு?"

"ஒங்கட மூட்ட கொண்டு வந்து கொட்டின சம்பளத்த நான் எண்ணி முடிக்க ஏலாம ஈக்கி. அதான் இத எடுக்கிறேன்," என்றேன்.

 அன்றைக்கு அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அதற்கு நான் கொடுத்த பதிலை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

என் கையிலிருந்த பத்து ரூபாயைக் கட்டினேன். தைத்துச் சேர்த்த காசு அது. பத்து நாளில் பன்னிரண்டு கெஜம் பின்னினேன். அவன் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்று சொல்லி, மூன்று ரூபாய் அறுபது சதத்தைத் தட்டில் வைத்துத் தள்ளினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்கட கைராசி கம்பனிக்கு புடிச்சிட்டு தங்கச்சி. இன்னும் நாலஞ்சி பேர சேத்துத் தந்தீங்கண்டா ஒங்களுக்கு தலைக்கு ஒரு ரூவா. அது கம்பனி வழக்கம். அவங்களுக்கு செல்ல வாணாம், பொறாம வரும்."

யாருக்கும் சொல்லக்கூடாத வருமானம் என்ன வருமானம் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஆறு பேரைச் சேர்த்தேன். வீடு வீடாகப் போய், மூன்று ரூபாய் அறுபது சதத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் காட்டினேன். "என்ட கையால வாங்கின காசு, இந்தா பாருங்க," என்றேன். தெருமுனை வீட்டு ஹவ்வா உம்மா சேர்ந்தார். என் வீட்டு வேலிக்குப் பின்னால் இருந்த பஸீஹாவும் சேர்ந்தாள். பஸீஹா கணவனை இழந்தவள். அப்பம் சுட்டு விற்று, ரைஹானத் என்ற ஒரே மகளை வளர்த்தவள். ரைஹானத்துக்கு அக்குறணையில் மாப்பிள்ளை பேசி முடித்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கென்று பஸீஹாவிடம் இருந்தது ஒரு மூன்று பவுண் செயின். பசியிலும் அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

பஸீஹாவின் கைக்கு ஐந்து இதழ் வரவில்லை. எத்தனை தடவை காட்டிக் கொடுத்தும் அவள் ரோசாப்பூவுக்கு ஆறு இதழ் விழும். "என்ட பூவுக்கு ஒரு எதழு இனாம்," என்று சிரிப்பாள். ஏஜண்ட் அதையும் குறை சொல்லாமல் காசு கொடுத்து எடுத்துக்கொண்டான். அவ்வளவு நல்ல மனிதன்!

மூன்றாம் மாதம் சிங்கப்பூர் ஓடர் வந்திருப்பதாகச் சொன்னான். இனிமேல் பட்டு நூல். கெஜம் ஒரு ரூபாய். சீமையிலிருந்து வரும் நூல் என்பதால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குரிய நகையை ஈடாக வைக்கலாம், ஒரு மாதத்தில் நகை திரும்பி வரும், ரசீது உண்டு என்றான். பெண்கள் தயங்கினார்கள். சகீனா ராத்தா வைத்தால் நாங்களும் வைப்போம் என்றார்கள்.

அவர்கள் போன பிறகு அவன் பிடரியைத் தடவிக்கொண்டு சொன்னான். "நீங்க ஒண்ணும் வெக்க வாணாம் தங்கச்சி. வெச்சதா பேர எழுதிக்கிறேன். இந்தத் தடவ தலைக்கு அஞ்சி ரூவா."

நான் சரி என்றேன். மறுநாள் எல்லாரிடமும், நான் என்னுடையதை வைத்துவிட்டேன் என்று சொன்னேன். என்ன நகை என்று யாரும் கேட்கவில்லை. என் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை. முக்காட்டுக்குள் என் கழுத்தில் உம்மா போட்ட செயின் கிடந்தது.

அந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கறுப்பையாவின் திரை கட்டிய மாட்டு வண்டியில் கண்டிக்குப் போனேன். கறுப்பையா முன்பு கலஹாவில் தோட்டத்தில் இருந்தவன், வேலை நின்றபிறகு வண்டி ஓட்டுகிறான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு சோற்றுக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். நான் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தேன். கடைக்குள் கிளாசு அடுக்கிய சுவர்த் தட்டின் விளிம்பு முழுக்க ரேந்தை தொங்கியது. குழம்புக் கறையும் புகையும் ஏறிய ரேந்தை. ரோசாப்பூ. ஆறு இதழ்.

கண்ணை மூடித் திறந்து எண்ணினேன். ஆறுதான். கறுப்பையாவைக் கூப்பிட்டு, அந்த ரேந்தை ஏது என்று கேட்டு வரச் சொன்னேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கேட்டுட்டேங்க அம்மா. மாடி ரூம்புல தங்கியிருக்கிற தொப்பிக்கார ஐயா குடுத்தாராம். சாப்பாட்டுக் காசு பாக்கியாம், அதுக்குப் பதிலா ஒரு கட்டு குடுத்தாராம். இன்னும் ரெண்டு மூணு கட்டு உள்ளுக்குக் கெடக்காம். சட்டி தொடைக்கிறாங்களாம்."

"சரி, வண்டிய உடுங்க," என்றேன்.

இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன தெரிய வேண்டும்? கம்பனியும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. நாங்கள் கண் நோகப் பின்னியதை வாங்க உலகத்தில் ஆளே இல்லை. எங்கள் முற்பணத்திலிருந்தே கொஞ்சத்தை எடுத்து எங்களுக்குக் கூலி என்று கொடுத்திருக்கிறான். மகாவலிப் பாலம் தாண்டும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் தெல்தெனிய வீதியில் வண்டி ஆட ஆட, வேறு கணக்கும் மனதில் ஓடியது. மாதிரிக்கு என்று கொடுத்த துண்டாக இருக்கலாம். கழித்துப் போட்டதாக இருக்கலாம். தலைக்கு ஐந்து ரூபாய்க் கணக்கில் ஏஜண்ட் முன்னாலேயே கொடுத்திருந்த பத்து ரூபாயில் ஐந்து, பல்லுக்கும் வண்டிக்கும் போய்விட்டது. இப்போது வாயைத் திறந்தால் தலைக்கு ஒரு ரூபாய் விஷயமும் கூடவே வெளியே வரும். வீட்டுக்கு வந்து, பல் பிடுங்கிய வாய் என்று சொல்லி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. திகனயில் நான் பேசாமலிருந்த இரண்டு நாள் அவைதான்.

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பஸீஹா வேலியில் ஆள் நுழையும் பொட்டால் வந்தாள். கையில் ஒரு சிறு தகரப் பெட்டி.

"ராத்தா, பல்லு நோவுல ஒங்களுக்கு கரச்சல் குடுக்கிறேன். மனசு அடிச்சிக்கொண்டே ஈக்கி. கடசியா ஒங்கள்ட்ட ஒரு சொல்லு கேட்டுட்டுப் போக வந்தேன். வெக்கட்டா, வாணாமா?"

பெட்டியைத் திறந்து காட்டினாள். செயின் மஞ்சள் துணியில் சுருண்டு கிடந்தது. அந்த நேரம் என் வாயில் கட்டிய துணியை நான் அவிழ்த்தேன். பேச முடியாது என்று கையைக் காட்டியிருக்கலாம். தலையை இல்லை என்று ஆட்டியிருந்தால்கூடப் போதும். நான் துணியை அவிழ்த்து, தெளிவாகச் சொன்னேன்.

"வெய்ங்க புள்ள. நானும் வெச்சீக்கிறேன் தானே."

வெள்ளிக்கிழமை ஏஜண்ட் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் துஆ செய்துவிட்டுப் போனான். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. கொழும்புக்குப் போட்ட கடிதம், அப்படி ஒரு விலாசமே இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

பொலிஸிலிருந்து ஒரு மலாய் சார்ஜன் வந்தார். நஸீமைக் கேட்டார். மாநிறம், நடுத்தர உயரம், மெல்லிய மீசை என்று நஸீம் சொன்னார். கண்டியில் பாதிப் பேர் அப்படித்தான் என்று சார்ஜன் எழுதிக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களைக் கேட்டார்.

"மூக்கு எப்பிடி? கண்ணு? தழும்பு, மரு ஏதும் ஈந்திச்சா?"

 ஹவ்வா உம்மாதான் சொன்னார்: "மூஞ்சி தெரியா சார்ஜன் மாத்தியா. பிடரி நல்ல சுத்தம். பவுடர் போட்டீந்திச்சி."

"பிடரிய வெச்சி கள்ளன புடிக்க ஏலுமா உம்மா?" சார்ஜன் விழுந்து விழுந்து சிரித்தார். தெருவில் நின்ற ஆண்களும் சிரித்தார்கள். ஏழு பெண்களும் அந்தச் சிரிப்பைத் திரைக்குள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு இருந்தோம். ஆறு பேர் ஏமாந்த வெட்கத்தில் குனிந்திருந்தார்கள். எனக்குச் சோற்றுக் கடை தெரியும், மாடி அறை தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், எப்போது பார்த்தாய் என்று கேட்பார்களே. விழுங்கிவிட்டேன். நாலு நாள் கழித்துக் கறுப்பையாவை அனுப்பி விசாரித்தேன். சார்ஜன் எங்கள் வீட்டுக்கு வந்து போனதற்கு மறுநாள் காலையில்தான் தொப்பிக்கார ஐயா அறையைக் காலி செய்தாராம்.

அக்குறணையிலிருந்து பஸீஹாவின் அண்ணன் மஹ்மூது நானா வந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லாரையும் சேர்த்துவிட்டவள் சகீனா, அவளுக்கு இதில் பங்கு இல்லாமலா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரிடம் முறைப்பாடு வைக்கப் போவதாகச் சொன்னார். இதை எனக்குக் கொண்டு வந்தவர் ஹவ்வா உம்மா. கொண்டு வந்தவர் அத்தோடு நிறுத்தவில்லை.

"பயப்படாதீங்க சகீனா. பஸீஹா நானாட மொகத்துக்கு நேர செல்லிட்டா. சகீனா ராத்தா எங்களப் போல ஏமாந்தவ, அவவுக்கு ஒண்ணும் தெரியா, நான் குர்ஆன் மேல கை வெச்சி சத்தியம் பண்ணுவேன் எண்டு. நாளைக்கு பண்ணவும் போறா."

ஹவ்வா உம்மா போன பிறகு நான் குசினி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செயின் போனது போனதுதான், அதற்கு ஒரு கள்ளன் இருக்கிறான், அவன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு நான் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இது வேறு. எனக்காக ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்யப் போகிறாள். பொய் என்று தெரியாமலே செய்யப் போகிறாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வேலிப் பொட்டால் பஸீஹாவின் வீட்டுக்குப் போனேன்.

அவள் பின்கதவடியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் இல்லை.

"வாங்க ராத்தா. பலகையில குந்துங்க."

நான் உட்காரவில்லை. "பஸீஹா, நாளைக்கு சத்தியம் பண்ண வாணாம்."

"ஏன்? நானாக்கு பயந்தா?"

"பொய்ச் சத்தியமாப் போகும்."

அவள் கை நிற்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். தலைக்கு ஒரு ரூபாயிலிருந்து தொடங்கினேன். பிறகு ஐந்து ரூபாய். பிறகு நான் எதையும் ஈடு வைக்கவில்லை என்பது. அவள் தேங்காய் முறியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத் துருவிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் ஒரு ரூவா வாங்கினீங்களா?"

"ஓ."

"அவன் குடுத்தா வாங்காம எனத்த செய்ற? நானெண்டாலும் வாங்கியீப்பேன்," என்றாள். என்னை மன்னிக்கக் காரணம் தேடினாள். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு சோற்றுக் கடை ரேந்தையைச் சொன்னேன். ஆறு இதழைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அது எப்ப?"

"செவ்வாக்கெழம. பல்லு புடுங்கப் போன நாளு."

"நான் பொட்டியக் கொண்டு வந்து ஒங்கள்ட்ட கேட்டது வியாழன்." அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் கேக்கிறதுக்கு முந்தி."

"முந்தி."

"வாயிலீந்த துணிய அவுத்து சென்னீங்களே ராத்தா, வெய்ங்க எண்டு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. துருவிய தேங்காயை மூடி வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள்.

"ஒங்கட கழுத்துல ஈக்கிறது எத்தன பவுண்?"

"ரெண்டர."

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டதை அவள் கண்டிருக்க வேண்டும்.

"இத குடுத்த கத வெளிய போகப்படாது," என்றாள். "நானாக்கு தெரிஞ்சா பள்ளியில ஏத்துவார். மாப்புள ஊட்டாளுக்குப் போகும். அது ஒண்டு. மத்தது, நீங்க ஊருக்கு முன்னால அழுது, செயினையும் குடுத்தேன் எண்டு செல்லி, நல்ல மனிசியா எழும்பிப் போயிருவீங்க. அதுக்கு நான் உடமாட்டேன். அல்லாட மேல ஆணையா செல்லுங்க, வாய் தொறக்க மாட்டேன் எண்டு."

சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சத்தியம் அது.

நஸீமுக்கு மட்டும் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "குடுத்தது சரி," என்றார். அன்றிரவு சாப்பிடவில்லை. விடியுமுன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பஸீஹா தன் நானாவிடம், சத்தியமும் வேண்டாம், முறைப்பாடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் சத்தம் போட்டுவிட்டு அக்குறணைக்குப் போனார். என் செயினை அவள் பத்தரிடம் கொடுத்து அழித்து வேறு மாதிரி செய்வித்தாள். உம்மா வழிக் காணித்துண்டை ஈடு வைத்து வாங்கியதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டாள்.

ரைஹானத்தின் கல்யாணம் சொன்னபடி நடந்தது. பெண்கள் பக்கம் ஒரே கூட்டம், புழுக்கம். எல்லாரும் முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு இருந்தார்கள். ஒரு பிள்ளை என் மடியில் ஏறி விழுந்ததில் என் முக்காடும் சரிந்தது. நான் இழுத்து மூடுவதற்குள் ஹவ்வா உம்மா பார்த்துவிட்டார்.

"யா அல்லா! சகீனா, ஒங்கட உம்மா போட்ட செயின் எங்க? அதையா அவனுக்கு வெச்சீங்க?"

பெண்கள் திரும்பினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவர்களுக்குப் பதிலாகப் போயிற்று.

"இவ்வளவு நாளும் வாய் தொறக்கல்லியே! எங்களுக்கெல்லாம் ஆறுதல் செல்லிக்கொண்டு திரிஞ்சாளே! நாசமாப் போவான், இவட கழுத்தையும் உட்டு வெக்கல்லியே," என்று ஹவ்வா உம்மா மூக்கைச் சிந்தினார். ஐம்பது ரூபாயை அவனிடம் தொலைத்தவர் அவர். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். இன்னொருத்தி, மஹ்மூது நானா இந்தப் பாவப்பட்டவளையா குற்றம் சொன்னார் என்று கேட்டாள்.

பஸீஹா வெற்றிலைத் தட்டோடு கதவடியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்ல அவள் விடுவாளா என்று நானும் அவளைப் பார்த்தேன். அவள் வந்து, மற்றவர்களிடம் நீட்டியது போலவே என்னிடமும் தட்டை நீட்டினாள்.

"எடுங்க ராத்தா."

எடுத்துக்கொண்டேன். ஹவ்வா உம்மா தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றினார். "கல்யாண ஊட்டுல வெறுங்கழுத்தோட இருக்க வாணாம் புள்ள. இண்டைக்கி மட்டும் போட்டுக்கோங்க," என்று என் தலைக்கு மேலே பிடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.